மாவுக்கட்டுக்கு ஒரு தேசிய விருது

தன் லாக்கப்பில் என்ன நடக்கிறது என்று காட்டிய படத்தைக் கூப்பிட்டு, பதக்கம் கொடுத்து, கைகுலுக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவைக்கும் அரசாங்கம் உலகத்தில் எத்தனை இருக்கும்? நமக்கு அந்தப் பெருமை உண்டு. 2016-இல் வெற்றிமாறனின் ‘விசாரணை’க்கு மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம், சமுத்திரக்கனிக்குச் சிறந்த துணை நடிகர், மறைந்த கிஷோருக்குச் சிறந்த படத்தொகுப்பு. அதற்கு முந்தைய ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் இத்தாலியக் கிளை விருது கொடுத்திருந்தது. அடுத்து ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போனதும் அதே படம்தான். ‘எங்கள் ஊர் போலீஸ் நிலையத்தில் அப்பாவிகளை இப்படித்தான் அடிப்போம், இப்படித்தான் சுடுவோம், பிறகு அதை இவ்வளவு நேர்த்தியாகப் படமும் எடுப்போம்’ என்று அமெரிக்காக்காரனுக்கே சொல்லி அனுப்பிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டோம்.

கூண்டில் நிற்கவேண்டியவர் மேடையில் நின்று பரிசு வழங்கினார். கூட்டம் கைதட்டியது. யாருக்கும் கூச்சமில்லை.

படத்துக்கு மூலம் ‘லாக்கப்’ என்ற நாவல். எழுதியவர் மு. சந்திரகுமார், கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1983-இல் பிழைப்புக்காக ஆந்திராவின் குண்டூருக்குப் போன இடத்தில், செய்யாத திருட்டுக்காக நண்பர்களோடு பிடிபட்டு, அடிபட்டு, சிறையும் கண்டு திரும்பியவர். நாவல் 2006-இல் வெளிவந்தது. அதை எழுத அவர் எந்தக் கற்பனையையும் தேடிப் போகவில்லை. கற்பனை வளமெல்லாம் கேஸ் எழுதியவர்களிடம் இருந்தது.

படத்தின் முதல் பாதி அந்தக் குண்டூர் லாக்கப். பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்க் கூலித் தொழிலாளிகள் சிலர். ஊரில் பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் திருட்டு. கேஸை முடிக்கவேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. திருடனைத் தேடுவது சிரமம், நேரமாகும். ஆள் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் புழங்குகிறது: ‘ஒத்துக்கோ.’ எதை ஒத்துக்கொள்வது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தெலுங்கு புரியாது. அடி மட்டும் புரிகிறது.

இரண்டாம் பாதி நாவலில் இல்லாதது, இயக்குநர் சேர்த்தது. படம் அரசியல் திகில் படமாவது அங்கேதான். பெரிய இடத்துக் கறுப்புப் பணத்துக்குக் கணக்கெழுதிய ஆடிட்டர் ஒருவர், தமிழ்நாட்டுப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுவரப்படுகிறார். அவருக்குத் தெரிந்த கணக்கை வைத்து அதிகாரிகள் பேரம் பேசுகிறார்கள். பேரம் முற்றி அடியாகிறது, அடி முற்றி ஆடிட்டர் பிணமாகிறார், பிணம் ‘தற்கொலை’ ஆகிறது. குண்டூரில் விடுதலையாகி வந்த இளைஞர்கள், உதவி செய்த அதிகாரி சொன்னாரே என்று நன்றிக்கடனாக அதே நிலையத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கக்கூடாத பேச்சு காதில் விழுந்துவிடுகிறது. காதில் விழுந்த குற்றத்துக்கு அவர்கள் ‘கொள்ளைக்காரர்கள்’ ஆகிறார்கள். கொள்ளைக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று நமக்குத் தெரியும்.

2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர் என்று சொல்லப்பட்ட ஐந்து பேரை ஒரே இரவில் சுட்டுக் கொன்றார்கள். தற்காப்பு என்றது போலீஸ். அந்த ஐந்து பேரின் தரப்பைச் சொல்ல ஆறாவதாக ஒருவர் மிச்சமில்லை. படத்தின் கடைசிக் காட்சியில் செய்தி வாசிக்கும் குரலைக் கேட்கும்போது, ‘இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே’ என்று தோன்றினால் உங்கள் ஞாபகசக்திக்குப் பாராட்டுகள்.

இவ்வளவு திறமையையும் ஒரு இயக்குநர், ஒரு நடிகர், ஒரு படத்தொகுப்பாளர் என்று மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டது பெரிய அநியாயம். விடுபட்டுப்போன கலைஞர்களுக்கு இப்போதாவது விருது கொடுத்துவிடுவோம்.

சிறந்த திரைக்கதை விருது, சந்தேகமில்லாமல், முதல் தகவல் அறிக்கை எழுதும் கைகளுக்கு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சில நாளில் இருவரும் பிணம். உடம்பில் காயம் எப்படி வந்தது? அறிக்கை எழுதியவர் அசரவில்லை: தரையில் உட்கார்ந்து, உருண்டு புரண்டார்கள், அதில் ஊமைக்காயம். அறுபதைத் தொடும் வியாபாரி, கடை வாசலில், வயசுப் பையனோடு சேர்ந்து, சாகிற அளவுக்கு உருண்டிருக்கிறார்! அங்கப்பிரதட்சிணம் செய்கிற பக்தகோடிகள் இனிமேல் கவனமாக இருக்கவேண்டும்.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி. நகை காணவில்லை என்று ஒரு புகார். தனிப்படை கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் பிணம். கதை: தப்பி ஓடப் பார்த்தார், விழுந்தார், வலிப்பு வந்தது. பிரேதப் பரிசோதனை நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்களை எண்ணியது. எந்த வலிப்பு ஒருவனை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை லத்தியால் அடிக்கும் என்பதை மருத்துவக் கல்லூரிகள் பாடத்தில் சேர்த்தால் நல்லது.

இந்தத் திரைக்கதை மரபின் உச்சம் கழிவறைக் காட்சி. பெரிய கேஸில் ஆள் பிடிபட்டால், மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வரும். கையிலோ காலிலோ, சில நேரம் இரண்டிலும், வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. கீழே இரண்டு வரி: கழிவறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிவு. தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளின் தரைக்கு இருக்கிற அறிவு அலாதியானது. ரவுடி வந்தால் வழுக்கும், ஏட்டு வந்தால் வழுக்காது. எஸ்.ஐ. வந்தால் காய்ந்தே கிடக்கும். அங்கே போலீஸ்காரர்கள் யாரும் வழுக்கி விழுவதில்லையா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-இல் கேட்டுவிட்டது. தரைக்குக் கோபம் வந்திருக்கும், வேறென்ன.

சிறந்த ஒளிப்பதிவு விருது சாத்தான்குளம் காவல் நிலையத்தின் சிசிடிவிக்கு. கேமரா இருந்தது. ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். பார்த்ததையெல்லாம் மறந்துவிடும் கண்! ஞானிகளுக்கே கைகூடாத நிலை அது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல் முதல் லாக்கப்வரை கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்கவேண்டும் என்றது. திருப்புவனத்தில் அந்த உத்தரவையும் மதித்தார்கள். காவல் நிலையத்துக்குள் வைத்து அடித்தால்தானே கேமராவில் விழும்? கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள்.

துணை நடிகர் விருதுக்குப் போட்டி பலமாக இருக்கிறது. நிற்கவே முடியாதவரை நிமிர்ந்தும் பார்க்காமல் ‘ஃபிட்’ என்று எழுதித் தருகிற அரசு மருத்துவர் ஒருவர். சாத்தான்குளத்தில் அந்தச் சான்றிதழ் கிடைப்பதற்குள் ரத்தத்தில் நனைந்த லுங்கிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தோம் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். அடுத்தவர், ரிமாண்ட் செய்கிற மாஜிஸ்திரேட். படத்தில் குண்டூர் நீதிமன்றக் காட்சி ஒன்று உண்டு. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது, பையன்களுக்குத் தெலுங்கு தெரியாது. வேறு வேலையாக வந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் குறுக்கே நின்று மொழிபெயர்க்க, நடந்ததைக் கேட்கிறார், விடுவிக்கிறார். கற்பனைதான் என்றாலும், அந்த நீதிபதி ஏறிட்டுப் பார்த்தார், காது கொடுத்தார். சாத்தான்குளத்தில் எல்லோருக்கும் ஒரே மொழிதான். இருந்தும், ஆட்களைச் சரியாகப் பார்க்காமலே சிறைக்கு அனுப்பினார் மாஜிஸ்திரேட் என்று குற்றச்சாட்டு எழுந்தது.

பின்னணிக் குரல் விருதை இரண்டு முதலமைச்சர்கள் பகிர்ந்துகொள்ளலாம். கட்சி பேதம் பார்க்கிற ஆட்கள் நாம் இல்லை. 2020-இல் சாத்தான்குளம் எரிந்துகொண்டிருந்தபோது, எடப்பாடி பழனிசாமியின் அறிக்கை மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக்குறைவு என்றது. அன்றைக்கு அதைக் கேட்டுக் கொந்தளித்த எதிர்க்கட்சி, அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் இறந்தார். வாந்தி, வலிப்பு என்று போலீஸ் எழுதிக் கொடுத்ததைச் சட்டமன்றத்தில் படித்தார் மு.க. ஸ்டாலின். சில நாளில் பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிய, அதே மன்றத்தில் கொலை வழக்காக மாற்றியதையும் படித்தார். 1976-இல் நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் பிடிபட்டு, சென்னை மத்தியச் சிறையில் தானே அடிவாங்கியவர் அவர். கூடச் சிறையில் இருந்த கட்சிக்காரர் சிட்டிபாபு அந்த அடியின் பாதிப்பிலேயே செத்துப்போனார். அடிக்கிற கை எப்படி அறிக்கை எழுதும் என்று நாட்டில் வேறு எந்த முதலமைச்சரையும்விட அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தும், காகிதம் நீட்டப்பட்டதும் குரல் கொடுத்தார். நாற்காலி மாறினாலும் வசனம் எழுதுகிறவர் மாறுவதில்லை.

திருப்புவனத்துக்குப் பிறகு ஸ்டாலின், இறந்த காவலாளியின் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார், தம்பிக்கு வேலை கொடுத்தார், வழக்கை சிபிஐக்கு மாற்றினார். முன்னவர்களைவிட நாகரிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பதில் ஒரு வேலை என்று அரசாங்கமே விலைப்பட்டியல் போடுகிற நிலைக்கு வந்துவிட்டோமே, அது எந்த நாகரிகம்?

சிறந்த இயக்குநர் யார் என்பதில்தான் குழப்பம். டைட்டிலில் பெயர் வராத ஒரே இயக்குநர் அவர்தான். படத்தின் இரண்டாம் பாதி முழுக்க அவரைப் பற்றித்தான்: போனில் பேசுகிறவர், ‘முடிச்சிடுங்க’ என்கிறவர், சம்பவ இடத்துக்கு வராதவர். திருப்புவனத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு முன்பே தனிப்படை எப்படி வந்தது, யார் உத்தரவு என்று நீதிமன்றம் கேட்டது. காவலர்கள் கைதானார்கள். கீழே லத்தி பிடித்தவன் உள்ளே போவான், மேலே போன் பிடித்தவன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவான். அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாக 2023-இல் ஓர் இளம் ஐபிஎஸ் அதிகாரிமீது குற்றச்சாட்டு வந்தது. பல் போனவர்கள் வாயைத் திறந்து காட்டினார்கள். அதிகாரி இடைநீக்கம் ஆனார். 2024 ஜனவரியில் இடைநீக்கம் ரத்தானது. பல்தான் இன்னும் முளைக்கவில்லை.

வாழ்நாள் சாதனையாளர் விருது டெல்லிக்கு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. கையெழுத்து இன்னும் காயவில்லை போலிருக்கிறது, அதை ஏற்றுச் சட்டமாக்கவில்லை. 2010-இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய், அப்படியே காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையோடு புதிதாக ஒரு மசோதா வரைவையே எழுதிக் கொடுத்தது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நேபாளம், இலங்கை, வங்கதேசம் எல்லாம் தொண்ணூறுகளிலேயே ஏற்ற உடன்படிக்கை அது. எதற்கெடுத்தாலும் பாகிஸ்தானைப் பார் என்கிறவர்கள் இதிலும் பார்க்கலாம், அவர்கள் 2010-இல் ஏற்றுவிட்டார்கள். காங்கிரஸும் ஆண்டது, பாஜகவும் ஆள்கிறது. லாக்கப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே கொள்கை.

1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகளைப் போட்டது. கைது செய்தால் குறிப்பு எழுது, உறவினருக்குச் சொல், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டு. இதை எல்லோர் கண்ணிலும் படும்படி காவல் நிலையத்தில் எழுதி வை என்றும் சொன்னது. எழுதி வைத்தார்கள். அந்தப் போர்டுக்குக் கீழே நிற்கவைத்துத்தான் அடிக்கிறார்கள். பலன்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டில் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர். அதே காலத்தில் தண்டனை பெற்ற போலீஸ்காரர்கள் 26 பேர். மிச்சச் சாவுகளெல்லாம் உருண்டதிலும் புரண்டதிலும் வழுக்கியதிலும் வலிப்பிலும் நடந்தவை என்று நம்பிக்கொள்ளவேண்டியதுதான்.

எந்த விருதுக்கும் தகுதியில்லாதவர்கள் சிலரும் உண்டு. சாத்தான்குளத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர், நீதித்துறை நடுவர் முன்னால் உட்கார்ந்து, விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்று சொன்னார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் சொன்னார். அந்த நடுவரையே ஒருமையில் பேசி அவமதித்த நிலையம் அது. ஒரு காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவா என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போன இடம். படத்தில் சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டருக்கு மனசாட்சி உறுத்துகிறது, ஆனால் வாயைத் திறக்குமுன் அவர் கதையையும் முடித்துவிடுகிறார்கள். நாம் அதற்கு விருது கொடுத்தோம். வாயைத் திறந்து, உயிரோடும் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தோம்? மடப்புரத்தில் அடிப்பதை மறைந்திருந்து செல்போனில் எடுத்த கோயில் ஊழியர் பாதுகாப்புக் கேட்டு நின்றாரே, அவருக்கு? பதக்கம் வாங்க டெல்லி போகவேண்டியவர்கள் இவர்கள். நம் ஊரில் உண்மையை நடித்துக்காட்டினால் விருது, நேரில் சொன்னால் உயிருக்குப் பயந்து வாழவேண்டும்.

கடைசி விருது, சிறந்த ரசிகருக்கானது. மேடைக்கு வாருங்கள், நாம்தான்.

2016 பிப்ரவரியில் ‘விசாரணை’ பார்த்துத் தொண்டை அடைத்து வெளியே வந்தோம். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், ‘தெறி’யில் விஜய் போலீஸ் உடையில் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ப்பு வழங்கியபோது விசில் அடித்து மறுபடி தொண்டை கட்டிக்கொண்டோம். ‘சாமி’, ‘காக்க காக்க’, ‘சிங்கம்’ என்று வளர்ந்த தொண்டை அது. 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சுட்ட இடத்துக்கே போய்ப் பூத் தூவினார்கள் மக்கள். தமிழ்நாட்டிலும் இனிப்புக் கொடுக்காத குறை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022-இல், கொல்லவேண்டும் என்றே சுட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தது. தூவிய பூவைப் பொறுக்க யாரும் போகவில்லை.

மாவுக்கட்டுப் படம் வாட்ஸ்அப்பில் வரும்போது எத்தனை பேர் சிரிக்கும் பொம்மை போடுகிறோம்? ‘நல்லா வேணும், கோர்ட்டுக்குப் போனா ஜாமீன்ல வந்துடுவானுங்க’ என்று டீக்கடையில் நீதி சொல்கிறோமே, அந்த நீதிதான் லத்தியாகி லாக்கப்புக்குப் போகிறது. இந்தக் கையை உடைத்தால் கைதட்டுவார்கள், அந்தக் கையை உடைத்தால் கேட்க நாதியில்லை என்று போலீசுக்குக் கற்றுக்கொடுத்தது நாம். எவன் ரவுடி, எவன் செல்போன் கடைக்காரன், எவன் கோயில் காவலாளி என்று பிரித்துப் பார்த்து வழுக்கும் அளவுக்கு எந்தக் கழிவறைக்கும் சிறப்புப் பயிற்சி கொடுக்கவில்லை. ரவுடிக்கு வழுக்கும்போது ரசித்தவனுக்கு, காவலாளிக்கு வழுக்கும்போது மெழுகுவத்தி ஏந்த என்ன யோக்கியதை?

பூங்காவில் படுத்துக் கிடந்தவன், கடை வைத்திருந்தவன், கோயிலில் காவல் நின்றவன் என எல்லோரையும் முதலில் ஒரே வாக்கியம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்: ‘சும்மா வா, ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுடுறோம்.’ அடுத்தமுறை உங்கள் வீட்டு வாசலில் அந்த வாக்கியம் கேட்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துச் சொல்லப்போவதையும் நீங்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்: ‘தப்புப் பண்ணாமலா பிடிச்சுட்டுப் போவாங்க?’